மார்கழியில் சென்னைக்கு வருகிறவர்களுக்கு: எழும்பூர் மியூசியத்தையும் சபா மேடையையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

டிசம்பரில் கலை பார்க்கவென்று சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி எழும்பூர் மியூசியத்தைச் சுற்றிவிட்டு மகாபலிபுரம் பஸ் ஏறுகிறது. இன்னொரு கட்சி சபா சபாவாக அலைகிறது, எழும்பூர் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தால்தான் இரண்டுமே சரியாக விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படிச் செய்வது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சிலைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். சொற்கள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை எவ்வளவு நேரம் நீளும் என்பதைப் பாடுகிறவர் முடிவு செய்கிறார். மியூசியத்தில் நேரம் உங்கள் கையில் இருக்கிறது, கச்சேரியில் அதைக் கலைஞரிடம் நம்பி ஒப்படைக்கிறீர்கள். புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். யாரும் விரட்டாத மியூசியத்தில் அவசர அவசரமாக நடக்கிறார்கள். நிதானமாக உட்கார வேண்டிய கச்சேரியில் பத்தாவது நிமிடமே போனை எடுக்கிறார்கள். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த இரண்டு பழக்கத்தையும் மாற்றிக்கொள்வதற்கான வழிகள்தான்.

கிளம்புவதற்கு முன்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், தேசிய விடுமுறை நாட்களில் மூடியிருக்கும். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து மியூசியம் இருக்கும் பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம்.

சங்கீத சீசன் டிசம்பர் நடுவில் சூடுபிடித்து ஜனவரி முதல் வாரம் வரை போகும். மியூசிக் அகாடமியில் டிசம்பரில் இசை, ஜனவரி தொடக்கத்தில் நாட்டிய விழா. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கலை விழாவும் டிசம்பர் கடைசியை ஒட்டி வரும். ஆகவே டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் சேரும்படி வந்தால் இசை, நாட்டியம் இரண்டும் கிடைக்கும். மார்கழித் திருவாதிரை எந்த நாளில் வருகிறது என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இந்த நாட்களுக்குள் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம், காரணம் பின்னால் வரும்.

எந்த வரிசையில் பார்ப்பது என்பது முக்கியம். முதலில் மியூசியம், அடுத்து பகல் கச்சேரி, அப்புறம் நாட்டியம், முடிந்தால் கோயில், கடைசியில் மறுபடியும் மியூசியம். ஒரு நாளைக்கு ஒரு மியூசியமும் ஒரு நிகழ்ச்சியும் போதும். ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்கிற பழுத்த ரசிகர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து நீங்களும் முதல் நாளே அப்படி இறங்க வேண்டாம். காது களைத்துப்போனால் நல்ல பாட்டும் இரைச்சலாகத்தான் விழும்.

எழும்பூரில்: மூன்று இடங்களில் மட்டும் நில்லுங்கள்

1851இல் தொடங்கிய மியூசியம் இது. வளாகத்துக்குள் பல கட்டடங்கள். திமிங்கல எலும்புக்கூடு, நாணயங்கள், அமராவதிச் சலவைக் கற்கள், ரவிவர்மா ஓவியங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முயன்றால் மத்தியானத்துக்குள் கால் வலிதான் மிஞ்சும். முதல் தடவை நேராக வெங்கலச் சிலைக் கூடத்துக்குப் போய்விடுங்கள். உள்ளே போனதும் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து ஆர்வத்தைத் தணித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வந்து மூன்று இடங்களில் மட்டும் நில்லுங்கள்: திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், வடக்குப்பனையூர் ராமர் குழு. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். அதில் பெயர், ஊர், நூற்றாண்டு தவிர அதிகம் இருக்காது. அதை முதலில் படித்துவிட்டால், ஓ, இது அர்த்தநாரி, தெரிந்துவிட்டது என்று மனம் முடித்துக்கொண்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடும்.

திருவாலங்காட்டு நடராஜருக்கு இப்போது திருவாசி இல்லை. அந்த நெருப்பு வளையம் இல்லாததால், மற்ற நடராஜர்களில் வளையத்தோடு சேர்ந்து கண்ணில் படும் உடல் இங்கே தனியாகத் தெரிகிறது. பார்வையைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். முயலகன் முதுகில் ஊன்றிய வலது பாதம், மடங்கிய வலது முழங்கால், குறுக்கே தூக்கிய இடது கால், அந்தக் காலைச் சுட்டுவதுபோல் உடம்புக்குக் குறுக்கே வீசிய இடது கை. கீழே இவ்வளவு நடக்கும்போது முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு பக்கவாட்டுக்கு நகர்ந்து இடுப்புக்கு மேலே முதுகு எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இந்த நடராஜரைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு 1921இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஆனால் அவர் பார்த்தது புகைப்படங்களை மட்டும்தான், சிலையின் பக்கத்தில் அவர் நின்றதே இல்லை. நீங்கள் இரண்டடி தள்ளி நிற்கிறீர்கள். அந்த வாய்ப்பை செல்போன் திரையில் செலவழிக்காதீர்கள். படம் எடுப்பதற்கான விதியையும் கட்டணத்தையும் வாசலிலேயே கேட்டுக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் எடுங்கள்.

அன்று ராத்திரி தங்கும் இடத்தில் ஒன்று செய்து பாருங்கள். சுவரோரமாக நின்று வலது முழங்காலை மடக்கி, இடது காலைக் குறுக்கே இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்காலில் கோளாறு உள்ளவர்கள் வேண்டாம். சில விநாடியிலேயே தொடை நடுங்கும், இடுப்பு வெளியே சரியும், தோள் இறுகும். சிலையில் எது சரியவில்லை, எது இறுகவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். நாட்டியத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த அனுபவம் உடம்புக்கு அவசியம்.

அர்த்தநாரீசுவரருக்கு மூன்று கைகள். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. உங்கள் கையால் மறைத்து ஒரு பாதியை மட்டும் பாருங்கள், பிறகு மறு பாதியை. தோளின் அகலம், இடுப்பின் வளைவு, ஆடையின் நீளம் எல்லாம் மாறுகின்றன. கையை எடுத்துவிட்டு முழுதாகப் பார்த்தால் ஒட்டுப் போட்ட இடம் எங்கேயும் தெரியாது. இவ்வளவு வித்தியாசமான இரண்டு உடல்களை ஒரே நிற்பில் அமைத்தவர் யார் என்று எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறை. ஊர்ப் பெயர் பிழைத்திருக்கிறது, ஸ்தபதியின் பெயர் பிழைக்கவில்லை.

ராமர் குழுவில் ராமனின் கையைப் பாருங்கள். வில்லைப் பிடிப்பதற்கென்றே வளைந்த விரல்கள். வில்லைத் தனியே செய்து மாட்டுவது வழக்கம். அந்தக் கையின் வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நாட்டிய மேடையில் அது மறுபடியும் வரும்.

இன்னும் ஒன்று. சிலைகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். வீதியுலாவுக்குத் தண்டு செருகிக் கட்டுவதற்காக வைத்தவை அவை. இந்தத் திருமேனிகள் நடமாடியவை. சில முகங்களில் மூக்கும் இதழும் மழுங்கியிருப்பது நூற்றாண்டுக் கணக்கில் நடந்த அபிஷேகத்தால். இவற்றை எப்படி வார்த்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் நல்லது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, மேலே ஆற்று வண்டலைப் பூசி உலரவைத்து, சூடேற்றி மெழுகை வழியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு உடைந்துபோவதால் ஒரு சிலைபோல் இன்னொன்று இருக்காது. சுவாமிமலையில் இன்றும் இந்த முறையில்தான் வார்க்கிறார்கள்.

வெளியே வரும்போது அமராவதிக் கூடத்தை ஒரு நடை பார்த்துவிடுங்கள். அமராவதியில் இருந்த ஒரே பௌத்த ஸ்தூபியின் கற்கள் கொஞ்சம் இங்கேயும் கொஞ்சம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் கிடக்கின்றன. அதே வளாகத்தில் மியூசியம் தியேட்டர் என்ற அரைவட்ட நாடக அரங்கும் இருக்கிறது. 1896ஆம் ஆண்டுக் கட்டடம். அங்கே அன்றைக்கு ஏதாவது நாடகம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

பகல் கச்சேரியில் தொடங்குங்கள்

பெரிய வித்வான்களின் சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து முதல் அனுபவத்தைத் தொடங்க வேண்டாம். பெரும்பாலான சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. இளம் கலைஞர்கள் பாடுவார்கள், கூட்டம் குறைவாக இருக்கும், பிடித்த இடத்தில் உட்காரலாம். இன்னொரு காரணமும் உண்டு. அந்த வயதில் பாடுகிறவர்களுக்கு முன்வரிசையில் கவனித்துக் கேட்கும் நாலு பேர் இருப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நீங்களே முகத்தில் பார்ப்பீர்கள். சிலை நம்மைப் பார்ப்பதில்லை. பாடகர் பார்க்கிறார், நம் கவனம் அவர் பாட்டுக்குள் போய்ச் சேருகிறது. ஒரு நல்ல பிடி (ராகத்தைக் காட்டும் சிறு ஸ்வரக் கோவை) விழும்போது முன்வரிசையிலிருந்து எழும் ஒரு 'ஆஹா' அடுத்த பிடியை மாற்றிவிடும்.

எங்கே உட்காருவது? நம் பார்வையில் வழக்கமாக மிருதங்கம் இடது பக்கமும் வயலின் வலது பக்கமும் இருக்கும். வலது கைக்காரரான மிருதங்க வித்வான் பாடகரின் வலப்புறம் உட்கார்ந்தால்தான் வாத்தியத்தின் வலந்தலை (வலது கை வாசிக்கும் முகம்) நம்மைப் பார்க்கும். விரல்களைப் பார்க்க விரும்பினால் இடது பக்கம் நடு வரிசைகளில் உட்காருங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே உள்ள இருக்கைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

ராகம் பெயர் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பக்கத்து இருக்கை மாமி கேட்காமலேயே சொல்லிவிடுவார். முதல் கச்சேரிக்குத் தாளம் போடத் தெரிந்தால் போதும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை, அத்தோடு நாலு ஆயிற்று. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தொடங்குங்கள். பாட்டு சில சமயம் தட்டில் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கும். அதை எடுப்பு என்பார்கள். எண்ணிக்கை தவறினால் விட்டுவிட்டு அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளலாம்.

கச்சேரியின் போக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். வர்ணமோ சின்னக் கீர்த்தனையோ முதலில், நடுவில் சில உருப்படிகள், பிறகு நீண்ட ஆலாபனையோடு பிரதான உருப்படி, அதில் நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது), கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனையாக ஸ்வரம் கோத்துப் பாடுவது), அதைத் தொடர்ந்து தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிப்பது), கடைசியில் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகள், மங்களம். இந்த வரிசை இன்றைய வடிவத்துக்கு வந்ததில் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள்.

தனி தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் எழுந்து கேண்டீனுக்குப் போவதைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அவர்களோடு எழாதீர்கள். பாட்டின் சொல்லும் ராகமும் விலகிக்கொண்டு கணக்கு மட்டும் நிற்கும் நேரம் அது, மொழி தெரியாதவருக்கும் ராகம் தெரியாதவருக்கும் கதவு திறந்திருக்கும் ஒரே இடம். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பார்கள். முதலில் நீளமான சுற்றுகள், பிறகு பாதி, பிறகு அதிலும் பாதி என்று குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் சேர்ந்து வாசிப்பார்கள். மோரா, கோர்வை என்ற முடிவுக் கணக்குகளை வாசித்து முடிந்து பாட்டு சரியான இடத்தில் மறுபடி எடுக்கப்படும்போது, தாளத்தை விடாமல் எண்ணிக்கொண்டு வந்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். எழுந்து போனவருக்கு அது கிடைக்காது. கேண்டீன் அடையும் ரவா தோசையும் கச்சேரி முடிந்த பிறகும் இருக்கும். அதையும் அவசியம் சாப்பிடுங்கள், பக்கத்து மேசையில் நடக்கும் விமர்சனத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். அது பாதிப் பாடம்.

சாயங்கால நாட்டியம்

நாட்டியத்துக்கு முதல் வரிசை நல்ல இடமில்லை. மேடை உயரமாக இருந்தால் பாதம் தெரியாது. பாதம் தெரியாமல் பரதநாட்டியம் பார்ப்பதில் பாதி வீண். ஐந்தாறு வரிசை தள்ளி, நடுவில் உட்காருங்கள். முகமும் தெரியும், முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியும் தெரியும்.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்பது பழைய வரிசை. தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசான்களான நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்தியதாகச் சொல்வார்கள். இன்றைய நிகழ்ச்சிகளில் எல்லாமே இருக்காது. வர்ணம் இருந்தால் அதற்காக உங்கள் முழுக் கவனத்தையும் சேமித்து வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேலும் போகும். ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார், ஆடுகிறவர் ஒவ்வொரு தடவையும் வேறு பாவம் காட்டுவார். புதியவர்களுக்கு இங்கேதான் அலுப்புத் தட்டும். அலுப்பு வந்தால் ஒன்று செய்யுங்கள்: கதையைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த ஒரு வரிக்குள் முகத்தில் எத்தனை மாற்றம் வருகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். நடுநடுவே ஆட்டத்தை நடத்துகிறவர் போடும் நட்டுவாங்கத் தாளம் கணீரென்று விழுந்து, காலால் ஆடும் ஜதிக் கோவையான தீர்மானம் வரும்போது பார்வையைக் காலுக்கு இறக்குங்கள். முகம், பிறகு கால், மறுபடி முகம். அதுவே போதுமான வழிகாட்டல்.

மியூசியத்தில் பார்த்த கைகள் இப்போது மேடையில் வரும். ராமன் என்றதும் வில்லே இல்லாமல் கை வில்லைப் பிடிக்கும். நடராஜர் நிலைக்கு ஆடுகிறவர் எப்படி வந்து சேருகிறார், அதில் எத்தனை விநாடி நிற்கிறார், எப்படி வெளியே வருகிறார் என்று கவனியுங்கள். தொடையில் ஒரு சின்ன நடுக்கம் தெரியலாம், வியர்வை மின்னலாம். சிலையில் நிலை மட்டும் இருக்கிறது. மேடையில் அந்த நிலைக்கு முன்னும் பின்னும் தெரிகிறது.

மேடையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன். இந்த ஆட்டம் சபாவுக்கு வந்து நூறாண்டுகூட ஆகவில்லை. கோயில்களிலும் அரண்மனைகளிலும் செல்வர் வீடுகளிலும் சதிர் என்று ஆடப்பட்டது இது. 1931இல் மியூசிக் அகாடமி கல்யாணியின் மகள்கள் என்று அறியப்பட்ட சகோதரிகளை மேடையேற்றியது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பரம்பரையாக ஆடிவந்த பெண்களில் பாலசரஸ்வதி போன்ற மிகச் சிலரே பெரிய மேடைகளில் தொடர்ந்தார்கள். செப்புத் திருமேனி கண்ணாடிக் கூண்டுக்குள் வந்ததுபோல் இந்த ஆட்டமும் இருட்டு அரங்கின் ஒற்றை விளக்கு வட்டத்துக்குள் வந்தது. எத்தனையோ பேர் டிக்கெட் எடுத்துப் பார்க்க வழி பிறந்தது. ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு வழி அடைபட்டது. நிகழ்ச்சி அறிமுகத்தில் இதை யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

திருவாதிரைக் காலை

காலண்டரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். மார்கழித் திருவாதிரையில் சிவன் கோயில்களில் நடராஜருக்கு அபிஷேகம், ஆருத்ரா தரிசனம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு விடியும் முன்பே போய்விடுங்கள். கூட்டம் இருக்கும், பை, கேமரா எதுவும் வேண்டாம், செருப்பைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு வருவது வசதி.

எழும்பூரில் நீங்கள் உச்சி முதல் பாதம் வரை பார்த்த அந்த உருவம் இங்கே பட்டுக்கும் மாலைக்கும் நகைக்கும் உள்ளே இருக்கிறது. முகம், அபய கரம், தூக்கிய பாதம், அவ்வளவுதான் தெரியும். எழும்பூரில் உலோகத்தைப் பார்த்தீர்கள், இங்கே சாமியைப் பார்க்கிறீர்கள். உங்களுக்குப் பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் பாருங்கள். தீபாராதனை காட்டும்போது உருவம் ஒரே விநாடி முழுதாக வெளிச்சத்தில் வந்து போகும். சுவாமி தூக்குகிறவர்களின் தோளில் ஏறியதும் அவர்கள் நடைக்கு ஏற்ப அசையும். பீடத்துத் துளைகள் எதற்கு என்பது அப்போது கண்முன்னே தெரியும். திருவாதிரையன்று தரும் களி கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

இந்த நாள் உங்கள் பயணத்தில் வரவில்லையென்றால், பங்குனியில் இதே கோயிலில் அறுபத்து மூவர் விழா இருக்கிறது. அது பெருங்கூட்டம், குழந்தைகளோடு வருகிறவர்கள் யோசித்து வர வேண்டும்.

மறுபடியும் எழும்பூர்

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதே கூடத்துக்குப் போங்கள். அதே மூன்று இடங்கள். இந்தத் தடவை பார்வை வேறு மாதிரி போகும். திருவாலங்காட்டாரின் முழங்காலைப் பார்க்கும்போது மேடையில் பார்த்த தொடை நினைவுக்கு வரும், உங்கள் தொடையும்தான். கையின் வளைவைப் பார்க்கும்போது அதற்கு முந்திய அசைவு எதுவாக இருந்திருக்கும் என்று தேடுவீர்கள். முதல் தடவை பத்து நிமிடம் நிற்கக் கஷ்டப்பட்டவர்கள் இப்போது நேரம் பார்க்க மாட்டார்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உடம்பின் கோட்டை மட்டும் பென்சிலால் இழுத்துப் பாருங்கள். கண் எங்கே ஏமாந்தது என்று பென்சில் சொல்லிவிடும்.

இதற்கு மேலும் நாள் கிடைத்தால் தஞ்சாவூருக்கு ரயில் ஏறுங்கள். அங்கே அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமேனி. கை சாய்ந்திருக்கும் இடத்தில் காளை இப்போது இல்லை, ஆனால் கை இன்னும் சாய்ந்தே இருக்கிறது. அங்கிருந்து சிதம்பரம் போய்க் கோபுர வாசல்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கிய கரணங்கள் என்னும் நாட்டிய நிலைகளைப் பாருங்கள். கழுத்து வலிக்காமல் பார்க்க வேண்டுமானால் காலை வெயில் ஏறுவதற்குள் போய், கீழ் வரிசையிலிருந்து தொடங்குங்கள். அதே ஊரில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அடுத்த பயணத்தை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டால் பகலில் கரணங்களையும் ராத்திரி ஆட்டத்தையும் ஒரே ஊரில் பார்த்துவிடலாம். அந்த நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.